சாவிக் கணக்கு

ஒவ்வொரு செப்டம்பரும் கொடிக்கம்பத்தடியில்
பெயர்களை வாசிக்கிறார்கள்.
பூபாலன் மூட்லி என்பதைப்
புதிதாய் வந்த கமிஷனர்
புபலேன் என்று இழுக்கிறார்.
மனிதரைத் திருத்துவதாகச் சொல்லும் இலாகா,
ஒரு பெயரைத் திருத்திக்கொள்ள
ஆறு வருஷம் போதவில்லை.

பிறகு எக்காளம்.
கடலின் ஈரத்தோடு டர்பன் காற்று
சரிவேறி வந்து தொப்பிகளைத் தொட்டுப் பார்க்கிறது.
சிபிசி என் முழங்கையை இடிக்கிறான்:
"கால் மாத்தி நில்லு, விழுந்திடப் போறே."

அறுபது பேருக்குக் கட்டிய அறையில்
நூற்றுப் பத்துப் பேர் படுத்தால்
எந்தக் கால் எந்தத் தலைக்கு என்று எண்ணுவது
பூபாலனுக்குத்தான் வரும்.
விரல் நீட்டமாட்டான், முகவாயால் எண்ணுவான்.
விரலை நீட்டினால் மாடு எண்ணுகிற மாதிரி இருக்கிறதாம்.

தமிழ் அவனுக்கு அரைகுறை. எனக்கு அதிலும் பாதி.
ஆனால் கணக்கு மட்டும் தமிழில்தான்:
ஒண்ணு, ரெண்டு, மூணு.
இங்கிலீஷிலோ சூலுவிலோ எண்ணினால்
உள்ளேயிருந்து கூடவே எண்ணிக்
குழப்பிவிடுவார்கள் பாவிகள் என்பான்,
சிரித்துக்கொண்டே.

அன்று நூற்று நான்கில் நின்றது.

பல் துலக்கும் பிரஷ்ஷைச் சிமெண்டில் தேய்த்துத் தேய்த்து
ஒருவன் கூராக்கி வைத்திருந்தான்.
அவன் பெயரை நான் எழுதப் போவதில்லை.
வயது இருபத்திரண்டு.
அதைத்தான் மறக்க முடியவில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் பூபாலன்,
இந்தப் பக்கம் நான்.
இடுப்பு வளையத்தைக் கழற்றி
கதவடியில் தரையோடு தரையாய்த் தள்ளினான்.
பதினொரு சாவிகள் கிறீச்சிட்டு வந்து
என் பூட்ஸில் முட்டி நின்றன.

"தொறக்காதே."
அதையும் தமிழில் சொன்னான்.

ஐந்து பேர் சேராமல் திறக்கக் கூடாது என்பது விதி.
திறந்தால் நூற்றுப் பத்துப் பேருக்கும் ஒரே வாசல்.
விசாரணையில் அப்படித்தான் சொன்னேன்.
தலையாட்டினார்கள்.
நிதானம் காத்தமைக்கு என்று
முத்திரை வைத்து ஒரு காகிதம் தந்தார்கள்.

நான்கு நிமிஷம்.
இப்போதெல்லாம் அதை அளந்து பார்க்கிறேன்.
இரண்டு தடவை ரொட்டி வாட்டலாம்.
பெட்ரோல் வரிசையில் ஒரு கார் நகரும்.
உள்ளே ஒரு கிழவர், கார் திருடி வந்தவர்,
சட்டையைக் கழற்றிக் காயத்தில் வைத்து
இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார்.
நாங்கள் நுழைந்ததும் முதலில் அடி வாங்கியது அவர்தான்.
அவருக்குக் காகிதம் ஏதும் இல்லை.

பூபாலனின் சாப்பாட்டுப் பெட்டி
மூன்று நாள் லாக்கரிலேயே கிடந்தது.
பீன்ஸ் கறி. பாதி ரொட்டி.
மீதிப் பாதியைக் காலை ஆறு மணிக்கே
தின்று தீர்த்திருப்பான், அது அவன் வழக்கம்.
நாற்றத்தோடு கொடுக்க வேண்டாமே என்று
கழுவித் துடைத்து
சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுபோனேன்.

ரூபவதி மூடியைத் திறந்தாள்.
முகர்ந்தாள்.
எலுமிச்சை சோப்பு.

"யாரு இதைக் கழுவச் சொன்னது?"

அவ்வளவுதான் கேட்டாள்.
கதவைப் பற்றி, சாவியைப் பற்றி
பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்,
வழி முழுக்க, ஒவ்வொரு சிக்னலிலும்
சொல்லிப் பார்த்துக்கொண்டு.
அது இன்னும் என்னிடமே இருக்கிறது.

காரியம் முடிந்த மறுவாரம்
அதே அறை எனக்கு.
விரலை மடக்கி வைத்துக்கொண்டேன்.
தொண்ணூறு வரை குரல் ஒழுங்காக வந்தது.
நூறு. நூத்தி ஒண்ணு.
நூத்தி நாலில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

இருமல்கூட இல்லாத அறை.

பின்வரிசையில் எங்கிருந்தோ
சூலு வாயில் கொஞ்சம் உருண்டு,
ஆனால் பிழையே இல்லாமல்
ஒரு குரல் சொன்னது:
"நூத்தி அஞ்சு."

எத்தனை நாளாய்க் கற்று வைத்திருந்தார்களோ.
யாரென்று நான் பார்க்கவில்லை.
முகவாயை
அடுத்தவன் பக்கம் நகர்த்தினேன்.